பணம் எவ்வளவு, உற்பத்தி எவ்வளவு? ஒரு நாட்டின் பணக் கணக்கை நாமே போட்டுப் பார்க்க முழு வழிகாட்டி

2022-இல் இலங்கையில் அரிசி, பால்மா, பெட்ரோல் எல்லாம் விலை எகிறியபோது, "மத்திய வங்கி நோட்டு அச்சடித்துத் தள்ளியது, அதனால்தான்" என்று டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரைக்கும் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வருடக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தால் தலை சுற்றும். 2021 கடைசியில் இலங்கையின் மொத்தப் பணம் அதன் ஜிடிபியில், அதாவது ஒரு வருட மொத்த உற்பத்தி மதிப்பில், சுமார் 60%. 2022 கடைசியில் சுமார் 51%. அதாவது செப்டம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70% தொட்ட அதே வருடத்தில், பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் பணம் குறைந்திருக்கிறது!

அப்படியென்றால் இந்த விகிதத்தை எப்படித்தான் படிப்பது? பணம் கூடினால் விலை கூடும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும், இந்த எண்ணே வீண் என்று ஒதுக்குகிறவர்களும் நிறையப் பேர். இரண்டு பக்கத்தோடும் எனக்கு ஒத்துவராது. வளரும் நாடுகளின் கதையைச் சொல்வதில் இதைப் போல உதவும் எண்கள் குறைவு, ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பொருளாதாரப் பட்டமெல்லாம் வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தெரிந்து, ஒரு எக்செல் ஷீட்டோ பழைய டைரியோ கையில் இருந்தால் போதும். இந்தியாவை வைத்துத் தொடங்கி, நடுவில் இலங்கைக்குப் போகலாம்.

முதல் படி: எது பணம் என்று முடிவு செய்யுங்கள்

பணம் என்றதும் நோட்டுதான் நினைவுக்கு வரும். உண்மையில் நோட்டு சின்னப் பங்குதான். 2023 மார்ச் கடைசியில் இந்தியாவின் எம்3, அதாவது பரந்த பணம், சுமார் ரூ. 223 லட்சம் கோடி. அதில் மக்கள் கையில் இருந்த நோட்டும் நாணயமும் 33 லட்சம் கோடிக்குக் கொஞ்சம் கீழே, 15% கூட இல்லை. மீதியெல்லாம் வங்கிக் கணக்கில் இருக்கும் எண்கள்: நடப்புக் கணக்கு, சேமிப்புக் கணக்கு, எல்லாவற்றையும் விடப் பெரிதாக எஃப்டி.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் கடனிலிருந்து. வங்கி உங்களுக்கு 5 லட்சம் கடன் கொடுக்கும்போது பெட்டியைத் திறந்து யாரோ போட்ட நோட்டை எடுத்துத் தருவதில்லை, உங்கள் கணக்கில் 5 லட்சம் வரவு வைக்கிறது. அந்த நொடியில் நாட்டின் பணம் 5 லட்சம் கூடிவிட்டது. நீங்கள் அதை டிராக்டர்க்காரருக்கு மாற்றினால் பணம் அவர் கணக்குக்குப் போகும், அழியாது. கடனைத் திருப்பிக் கட்டும்போதுதான் அழியும்.

நோட்டு வேறு, பணம் வேறு என்பதற்கு 2016 நவம்பர் 8-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. சுமார் ரூ. 15.4 லட்சம் கோடி மதிப்புள்ள நோட்டுகள் செல்லாது என்று ஒரே இரவில் அறிவித்தார்கள், புழக்கத்தில் இருந்த நோட்டு மதிப்பில் 86% அது. அப்புறம் அதில் 99.3% வங்கிக்குத் திரும்பி வந்தது. நோட்டு வைப்பாக மாறியது, அவ்வளவுதான். 2017 மார்ச்சில் எம்3, முந்தைய மார்ச்சை விடக் கூடத்தான் இருந்தது. நோட்டை மட்டும் பார்த்தவருக்குப் பணமே காணாமல் போனது போலத் தெரிந்திருக்கும்.

எம்3-இல் சேராதவையும் உண்டு. வங்கிகளின் கல்லாவில் கிடக்கும் நோட்டு சேராது, அரசு ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் பணம் சேராது, அஞ்சலகச் சேமிப்பும் சேராது. அஞ்சலக வைப்புகளையும் சேர்த்தால் அது எம்4. பெயர்களை நம்பி நாடுகளை ஒப்பிடாதீர்கள். சீனா எம்2 என்று சொல்வது கிட்டத்தட்ட நம்முடைய எம்3 மாதிரி, இலங்கை மத்திய வங்கி எம்2பி என்று ஒன்றைச் சொல்லும், அதில் வெளிநாட்டு நாணய வைப்புகளும் அடக்கம். உலக வங்கித் தரவுத்தளத்தில் 'பிராட் மனி' என்ற வரிசையை எடுத்தால் ஓரளவு ஒரே அளவுகோலில் எல்லா நாடுகளும் கிடைக்கும். ஒரு நாட்டை ஆழமாகப் பார்ப்பதென்றால் அந்த நாட்டு மத்திய வங்கி வெளியிடும் அட்டவணைதான் சரி.

இரண்டாம் படி: தேதியும் விலையும் பொருந்துகிறதா பாருங்கள்

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். பணம் என்பது குளத்தில் ஒரு நாள் நிற்கும் தண்ணீர் அளவு மாதிரி. ஜிடிபி என்பது வாய்க்காலில் ஒரு வருடம் ஓடிய தண்ணீர். இரண்டையும் வகுக்கிறோம் என்றால், எந்த நாள், எந்த வருடம் என்பது பொருந்த வேண்டும். இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஆகவே மார்ச் கடைசிப் பணத்தை எடுங்கள். இலங்கைக்கு டிசம்பர். பங்களாதேஷுக்கு ஜூன். நேபாளத்துக்கு ஜூலை நடுவில்.

அடுத்தது, நடப்பு விலை ஜிடிபியைத்தான் (அந்தந்த வருட விலையில் போட்டது) எடுக்க வேண்டும், நிலையான விலை ஜிடிபியை (ஏதோ ஒரு பழைய வருட விலையில் போட்டது) அல்ல. 2022-23-க்கு இந்தியாவின் நடப்பு விலை ஜிடிபி சுமார் ரூ. 269 லட்சம் கோடி. 2011-12 விலையில் போட்டால் சுமார் 160 லட்சம் கோடி. தெரியாமல் இரண்டாவதை எடுத்து வகுத்தால் 140%-க்குப் பக்கத்தில் ஒரு பூதம் வரும். "ஐயோ, இந்தியாவில் பணவெள்ளம்" என்று அதை வைத்துப் பதிவு போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

விலை வேகமாக ஏறும் நாடாக இருந்தால் இன்னொரு சிக்கல். வருடக் கடைசிப் பணம் டிசம்பர் விலையில் இருக்கும், ஜிடிபியோ வருடம் முழுவதுக்குமான சராசரி விலையில் இருக்கும். அப்போது வருடத் தொடக்கப் பணத்தையும் முடிவுப் பணத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அந்தச் சராசரியை மேலே போடுங்கள். பணவீக்கம் 5%, 6% இருக்கும் நாட்டில் பெரிய வித்தியாசம் வராது.

மூன்றாம் படி: வகுத்துப் பாருங்கள், திருப்பியும் பாருங்கள்

223-ஐ 269-ஆல் வகுத்தால் 0.83. அதாவது 83%. இதையே தலைகீழாக, 269-ஐ 223-ஆல் வகுத்தால் 1.2. இதுதான் பணத்தின் சுழற்சி வேகம்: ஒரு ரூபாய் வருடத்துக்கு 1.2 ரூபாய் மதிப்புள்ள உற்பத்தியைத் தாங்குகிறது. யுபிஐ வந்து பணம் பறக்கிறதே, வேகம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். பறப்பது சேமிப்புக் கணக்கில் இருக்கும் கொஞ்சம். எஃப்டியில் தூங்கும் பெரும் தொகை அசைவதில்லை.

இப்போது 1950-51-க்குப் போங்கள். எம்3 சுமார் ரூ. 2,280 கோடி, ஜிடிபி 10,000 கோடி சொச்சம். விகிதம் 22%-ஐ ஒட்டி. ஏன் இவ்வளவு குறைவு? தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக் கூலியை நெல்லாக அளந்து கொடுத்த காலம். விளைந்ததில் பெரும்பங்கு வீட்டுக் குதிருக்கே போனது. சொந்தச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்ட நெல்லும் ஜிடிபியில் மதிப்பு போட்டுச் சேரும், ஆனால் அதை வாங்கி விற்கப் பணம் தேவைப்படவில்லை. சேமிப்பு என்றால் தோடு, வளையல், ஆடு மாடு. 1969 ஜூலையில் 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் முன்பு நாடு முழுக்க இருந்த வங்கிக் கிளைகள் 8,300-ஐக் கூட எட்டவில்லை. 1990-91 வாக்கில் அது 60,000 அளவுக்கு வந்துவிட்டது. அதே இடைவெளியில் விகிதம் 24%-லிருந்து 45% ஆனது.

ஒரு ஏழை நாட்டில் இந்த விகிதம் ஏறுவதன் முதல் அர்த்தம் பெரும்பாலும் இதுதான்: மக்கள் நெல்லிலிருந்தும் நகையிலிருந்தும் பாஸ்புக்குக்கு நகர்கிறார்கள்.

நான்காம் படி: வளர்ச்சியை மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இதுதான்:

பணம் எத்தனை மடங்கு ஆனது = உற்பத்தி எத்தனை மடங்கு × விலை எத்தனை மடங்கு × விகிதம் எத்தனை மடங்கு

இது கோட்பாடு அல்ல, வெறும் கூட்டல் கழித்தல் மாதிரி எப்போதும் பொருந்தியே தீரும். அதனால்தான் பயன்படுகிறது, மூன்று தெரிந்தால் நான்காவது தானாக வந்து விழும்.

இந்தியாவின் 1970-71 முதல் 1990-91 வரையிலான இருபது வருடத்தை இதில் போடுவோம். எம்3 சுமார் 11,000 கோடியிலிருந்து 2.66 லட்சம் கோடி ஆனது, 24 மடங்கு. உண்மை உற்பத்தி, அதாவது விலையேற்றத்தைக் கழித்த உற்பத்தி, சுமார் 2.3 மடங்கு. "பணம் கூடினால் விலை கூடும்" என்ற ஒற்றைவரிக்காரர் என்ன சொல்வார்? 24-ஐ 2.3-ஆல் வகுத்து, விலை பத்து மடங்கு ஏறியிருக்க வேண்டும் என்பார். உண்மையில் ஏறியது ஐந்து மடங்குக்குச் சற்று மேல். மிச்சம் இருக்கும் இரண்டு மடங்கு எங்கே போனது? விகிதத்துக்குள் போனது. புதிதாகக் கிளை திறந்த ஊர்களில் மக்கள் வைப்பு வைத்தார்கள், செலவு செய்ய அல்ல, வைத்திருக்க. பணம் வாங்கும் கையிலேயே தங்கியது, கடைக்கு ஓடவில்லை. அதற்காக அந்தக் காலம் விலை விஷயத்தில் சுகமாக இருந்தது என்று அர்த்தமில்லை, வருடம் 8%-க்கு மேல் என்பது சம்பளக்காரருக்கு வலிதான்.

இப்போது இலங்கை 2022. இலங்கைக் கணக்கில் டிரில்லியன் என்று வரும், நம் லட்சம் கோடிதான் அது. எம்2பி சுமார் 10.6 டிரில்லியனிலிருந்து 12.3 டிரில்லியன், 1.15 மடங்கு. நடப்பு விலை ஜிடிபி சுமார் 17.6-லிருந்து 24.1 டிரில்லியன். உண்மை உற்பத்தி 7%-க்கு மேல் சரிந்தது, ஆகவே 0.93 மடங்கு. விலை 1.47 மடங்கு. பெருக்கிச் சரிபார்த்தால் விகிதம் 0.84 மடங்கு வந்து நிற்கும்.

பணம் 15% கூட, விலை 47% கூட. ரூபாய் சில மாதங்களில் டாலருக்கு 200 என்பதிலிருந்து 360-க்குப் போனதால் இறக்குமதி எல்லாம் ஒரே அடியில் ஏறியது. மக்களும் ரூபாயைக் கையில் வைத்திருக்கப் பயந்து பொருளாக மாற்றினார்கள். அந்த 15%-இலும் ஒரு பகுதி வெறும் கணக்கு வித்தை: டாலரில் கிடந்த வைப்பு, ரூபாய் விழுந்ததும் ரூபாய்க் கணக்கில் தானாகப் பெருத்துவிட்டது. சரி, அப்போ அச்சடித்த குற்றச்சாட்டு பொய்யா என்றால், இல்லை. வருடம்தான் தப்பு. 2019 கடைசியில் விகிதம் 48%, 2020 கடைசியில் 60%. ஒரே வருடத்தில் 12 புள்ளி ஏறியிருக்கிறது, விலை ஏறும் முன்பே. அலாரம் அடித்தது 2020-இல், எல்லோரும் எழுந்தது 2022-இல்.

ஆகவே ஒரு வருட எண்ணை எடுத்து வாதம் செய்யாதீர்கள். ஐந்து வருடமாவது வரிசையாக எழுதிப் பாருங்கள். மிகக் கடுமையான பணவீக்கத்தில் விகிதம் ஏறாது, விழும். 2008-09-இல் ஜிம்பாப்வேயில் நடந்ததும் அதுதான், 100 டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர் நோட்டு வரைக்கும் அச்சடித்தும், மக்கள் அதைக் கையில் வைத்திருக்கத் தயாராக இல்லாததால் அத்தனை பணத்தின் உண்மை மதிப்பும் சுருங்கிப்போனது.

ஐந்தாம் படி: பணத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

இங்கேதான் ஒரு வேடிக்கை. இந்தியாவின் விகிதமும் கொரோனா வருடத்தில் 12 புள்ளி ஏறியது! 2020 மார்ச்சில் 83% ஒட்டி, 2021 மார்ச்சில் 95%. எம்3 168 லட்சம் கோடியிலிருந்து 188 லட்சம் கோடி ஆனது, சுமார் 12% உயர்வு. வழக்கமான வருடத்தை விட இது ஒன்றும் பயங்கரமில்லை. ஆனால் ஜிடிபி வளரவே இல்லை, நடப்பு விலையிலேயே ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வகுக்கும் எண் சுருங்கியதால் விகிதம் குதித்தது. அடுத்த வருடமே 87%, அதற்கடுத்த வருடம் மறுபடியும் 83%.

இரண்டு நாட்டிலும் அதே 12 புள்ளி. இந்தியாவில் அது தானாகத் தணிந்தது, இலங்கையில் வீட்டையே இடித்தது. விகிதத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது. அதற்கு மத்திய வங்கி அட்டவணையில் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ரூபாய்ப் பணத்துக்கும் எதிரில் வங்கிகள் பக்கம் ஒரு சொத்து இருக்கும். மூன்றே வகைதான் முக்கியம்: அரசுக்குக் கொடுத்த கடன், தனியாருக்குக் கொடுத்த கடன், வெளிநாட்டு நாணயச் சொத்து. எது எவ்வளவு கூடியது என்று கணக்குப் போடுங்கள்.

இலங்கையில் 2020-க்குப் பிறகு கூடியது முதல் வகை. வரியை 2019 கடைசியில் குறைத்துவிட்டார்கள், வருமானம் விழுந்தது, வெளியில் கடன் வாங்கும் வழி அடைபட்டது, மத்திய வங்கியே திறைசேரி உண்டியல்களை (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை) வாங்கிக் குவித்தது. மூன்றாவது வகை கரைந்துகொண்டே போனது: 2019 கடைசியில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு 2021 கடைசியில் சுமார் 310 கோடி டாலர். ரூபாய் பெருகுகிறது, அதற்குப் பின்னால் நிற்கும் டாலர் தேய்கிறது. இந்தியாவில் தலைகீழ். அந்த ஒரு வருடத்தில் ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 47,700 கோடி டாலரிலிருந்து 57,700 கோடி டாலர் ஆனது. பணத்தின் ஒரு நல்ல பங்குக்கு எதிரில் டாலர் இருந்தது. இந்திய அரசும் அந்த வருடம் நிறையக் கடன் வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், முதல் வகையும் கூடத்தான் செய்தது. ஆனால் அது மட்டுமே கூடவில்லை.

என் சொந்த விதி ஒன்று: விகிதம் ஏறி, அரசுக்கடன் ஏறி, வெளிநாட்டுச் சொத்து இறங்கினால் கவலைப்படத் தொடங்குவேன். மூன்றும் சேர்ந்தால்தான்.

ஆறாம் படி: கணக்கில் வராததை யோசியுங்கள்

எக்குவடோர் 2000-இலும் எல் சால்வடோர் 2001-இலும் அமெரிக்க டாலரையே தங்கள் நாணயமாக்கிக் கொண்டன. மக்கள் பாக்கெட்டில் எவ்வளவு டாலர் நோட்டு இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. கம்போடியாவில் வங்கி வைப்பில் பெரும்பகுதி டாலர்தான், வைப்பு கணக்கில் வரும், கையில் புழங்கும் டாலர் நோட்டு வராது. இப்படிப்பட்ட நாடுகளின் விகிதம் உண்மையை விடக் குறைவாகவே காட்டும்.

கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா மாதிரியான கைபேசிப் பணத்தைத் தனியாகக் கூட்டிவிடாதீர்கள். வாடிக்கையாளர்களின் பணம் வங்கிகளில் அறக்கட்டளைக் கணக்குகளில் கிடக்கிறது, அங்கே ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது.

நம் ஊர் ஏலச்சீட்டும் நகை அடகும் விகிதத்தில் நேரடியாகத் தெரியாது. சீட்டுப் பணம் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போகிறது, மொத்தம் மாறாது. எஃப்டியை உடைத்து மியூச்சுவல் ஃபண்டில் போட்டாலும் அதே கதைதான், பங்கை விற்றவர் கணக்குக்கு அந்தப் பணம் போய்ச் சேரும். "மக்கள் ஃபண்டுக்குப் போவதால் வங்கிப் பணம் வெளியேறுகிறது" என்று செய்தியில் படிக்கும்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

ஏழாம் படி: ஒப்பிடுவது, கடைசியாக

நாடுகளை வரிசைப்படுத்தி "யார் முதலிடம்" என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. சீனா 2023 கடைசியில் 230%-ஐ ஒட்டி இருந்தது, மக்கள் ஏராளமாகச் சேமித்து, அதை வைக்க வங்கியை விட்டால் வழி குறைவாக இருந்து, வங்கிகளும் கடனாகக் கொடுத்துத் தள்ளியதால் வந்த உயரம் அது. லெபனானும் 2019-க்கு முன் 200%-க்கு மேல். வெளிநாட்டில் வாழும் லெபனான்காரர்கள் அதிக வட்டிக்காக அனுப்பிக் குவித்த டாலர் அதில் பெரும்பங்கு. 2019 அக்டோபரில் வங்கிகள் கதவைச் சாத்தின, 2020 மார்ச்சில் அரசு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, டாலருக்கு 1,500 பவுண்டு என்று பல வருடம் நிலைத்திருந்த நாணயம் தன் மதிப்பில் 95%-க்கு மேல் இழந்தது. பெரிய எண், வளர்ச்சி பெற்ற வங்கித் துறை என்று அதுவரை பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தந்த நாட்டை அதன் பழைய தன்னோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு. அதிலும் ஒரு பள்ளம் உண்டு, ஜிடிபியின் அடிப்படை ஆண்டு, அதாவது எந்த வருடத்து விலையையும் தொழில்களையும் அளவுகோலாக வைத்து ஜிடிபி போடுகிறார்கள் என்பது. நைஜீரியா 2014 ஏப்ரலில் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றியது. தொலைத்தொடர்பும் சினிமாத் தொழிலும் சரியாக எண்ணப்பட்டதும் 2013 ஜிடிபி 42 டிரில்லியன் நைராவிலிருந்து 80 டிரில்லியனாக எழுந்து நின்றது. பணம் அதே 15.7 டிரில்லியன்தான். விகிதம் 37%-லிருந்து 20%-க்குக் கீழே வந்துவிட்டது, ஒரு நைரா கூட யாரும் எங்கும் நகர்த்தாமல்.

இலங்கையும் 2022-இல் அடிப்படை ஆண்டை 2010-லிருந்து 2015-க்கு மாற்றியது. மேலே நான் 2019-க்குக் கொடுத்த 48% புதிய தொடரில் போட்டது. பழைய மத்திய வங்கி அறிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் 51%-க்குப் பக்கத்தில் வரும், 2022-இன் எண்ணும் அதுவே என்பதால் மூன்று வருடத்தில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். ஆகவே ஷீட்டில் ஜிடிபி பத்திக்குப் பக்கத்திலேயே அடிப்படை ஆண்டுக்கென்று ஒரு பத்தி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், புதிய தொடர் வந்தால் பழைய வருடங்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.